வெள்ளிக்கிழமை படமாகும் காட்சி

தால், பத்தாங்காஸ், பிலிப்பைன்ஸ்
மார்ச் 12, செவ்வாய் காலை

அன்புள்ள லெத்திக்கு,

வின்னிபெக் குளிர் உன் முழங்காலை இந்த வாரமாவது சும்மா விட்டிருக்கும் என்று நம்புகிறேன். உன் அம்மா நன்றாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பார்த்தேன். எண்பத்திரண்டு வயதிலும் ஊன்றுகோலைக் கையில் பிடித்திருக்கிறாரே தவிர ஊன்றுவதில்லை.

எதையும் வரிசையாக எழுதாவிட்டால் பாதியில் பயந்து நிறுத்திவிடுவேன். அதனால் சொல்லப்போவதை முதலில் குறித்துக்கொள்கிறேன்.

1. ரோவெனா எடுக்கும் படத்தைப் பற்றி, வெள்ளிக்கிழமைக்குள் முடிவாக வேண்டியது.
2. அந்தக் காட்சி அவளுக்கு எங்கிருந்து கிடைத்தது.
3. அப்பாவின் சவப்பெட்டிக்கு மேலே உன்னைத் தூக்கிக் கொடுக்காமல் போனது என்னால்தான்.
4. உன்னிடம் நான் கேட்பது.

முதலாவது உனக்குப் பாதி தெரியும். பழைய பேச்சுவழக்கைத் திருத்தித் தரும்படி என் பழைய மாணவி ரோவெனா திரைக்கதையை எனக்கு அனுப்பினாள். அதில் நாற்பத்தோராம் காட்சியைப் படித்ததும் உனக்கு அனுப்பினேன். 1961, பணக்கார வீடு, கூடத்தில் சவப்பெட்டி. செத்தவரின் சின்ன வீடு சிவப்புப் பாவாடையில் உள்ளே நுழைகிறாள், இடுப்பில் பெண்குழந்தை. வீட்டுப் பத்திரம் எங்கே என்று கேட்கிறாள். மனைவி எழுந்து வந்து கன்னத்தில் அறைகிறாள். உன் பதில் ஒரே வரி: “இந்தக் காட்சி படமாச்சுன்னா, இனிமே உங்களை அண்ணன்னு கூப்பிட மாட்டேன்.” எனக்கு அறுபது வயது தாண்டிய பிறகுதான் உன் வாயிலிருந்து அந்தச் சொல் கிடைத்தது. அதை இழக்க எனக்குத் தைரியம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பசிலிக்கா பேராலயத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய வீட்டில் அதை எடுக்கப்போகிறார்கள். உன் அம்மாவின் சன்னலிலிருந்து அந்த வீட்டு வாசல் தெரியும். பக்கத்து வீட்டார் அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். அது பாசமா கிண்டலா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இந்த ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் அந்தச் சிவப்புப் பாவாடை யார் என்று புரிந்துவிடும்.

இரண்டாவது. நான்தான், லெத்தி.

கல்லூரியில் முப்பத்தாறு வருடம் இலக்கியம் நடத்தினேன் அல்லவா? ஒவ்வொரு வருடமும் ஒரு வகுப்பு, கதையிலும் சினிமாவிலும் ஆசைநாயகி வரும் விதம் பற்றி. அவளுக்கு அங்கே மூன்றே வேலைகள் என்பேன். நன்றாக உடுத்த வேண்டும், கன்னத்தில் அறை வாங்க வேண்டும், கடைசியில் சாக வேண்டும் அல்லது கன்னியர் மடத்துக்குப் போக வேண்டும். மனைவியின் அதிகாரம் கோயில் பதிவேட்டில் இருக்கிறது, இவளுடையது ஓர் ஆணின் மனநிலையில் இருக்கிறது, அவன் செத்த அன்றே இருவருக்கும் மோதல் என்பேன். அதற்கு உதாரணமாக “எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில்” என்று ஆரம்பித்து ஒரு துக்கவீட்டைச் சொல்வேன். பத்திரமும் சிவப்புப் பாவாடையும் நான் சேர்த்தவை. என் அம்மா யாரையும் அறைந்ததில்லை. முதல் வருடம் அந்த இடத்தில் மாணவிகள் கை தட்டினார்கள். அடுத்த வருடமும் சொன்னேன். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து ரோவெனா குறிப்பெடுத்தாள்.

இரண்டு பெண்களை ஒரே அறையில் விட்டால், அவர்கள் அடித்துக்கொள்வதைத் தவிர எழுதுகிறவர்களுக்கு வேறெதுவும் தோன்றுவதில்லை என்றும் அதே வகுப்பில் குறை சொல்வேன். எனக்கும் தோன்றவில்லை.

மூன்றாவதை எழுதுவதற்கு முன் ஒரு முறை எழுந்து நடந்துவிட்டு வந்தேன்.

எனக்குப் பத்தொன்பது வயது. அப்பாவின் அடக்கத்தன்று உறவினர் பெயர்ப்பட்டியலோடு என்னை வெளிவாசலில் நிற்கச் சொல்லியிருந்தார் பெரியப்பா. நண்பகல் வெயிலில் உன் அம்மா வந்தார். கறுப்புடுப்பு, தலையில் முக்காடு. நீ நடந்தே வந்திருந்தாய். செருப்பில்லை. நான் பெயரைத் தேடுவதுபோலப் பட்டியலைப் பார்த்தேன். அவர் சொன்னார், “எனக்கு ஒண்ணும் வேணாம் தம்பி. பெட்டியைத் தூக்கறதுக்குள்ள குழந்தையை ஒரு தடவை மேல தாண்டிக் குடுத்துட்டுப் போயிடறேன். அவர் இவளைத் தேடி வந்துடக் கூடாதில்ல?” ஆவி தேடி வராதிருக்க, செத்தவரின் சின்னப் பிள்ளைகள் எல்லோருக்கும் செய்வதைத்தான் அவர் கேட்டார். நான், “அது இந்த வீட்டுக் குழந்தைங்களுக்கு” என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். கொஞ்ச நேரம் கழித்துச் சந்துமுனையில் உங்கள் இருவரின் முதுகும் தெரிந்தது. ஒரு பெரிய காரியத்தைச் சாதித்துவிட்டதாக நினைத்தேன்.

அடுத்த வருடம் உனக்கு டைபாய்டு என்று கேள்விப்பட்டு மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதையெல்லாம் நம்பாதவன் என்று சொல்லிக்கொள்பவன்தான் நான்.

நேற்று ரோவெனாவைத் தொலைபேசியில் அழைத்து, அந்தக் கதை பொய் என்று மட்டும் சொன்னேன். “சார், அந்த அறைவிடறதைச் சொல்லித்தான் தயாரிப்பாளரைச் சம்மதிக்க வெச்சேன்! சரி, நிஜத்துல நடந்ததைச் சொல்லுங்க, அதை எடுக்கறேன். வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம்” என்றாள். நடந்தது என்று நான் சொல்லக்கூடியது ஒரு பையன் ஒரு குழந்தையைத் திருப்பி அனுப்பியதுதான். அதையே எடுக்கச் சொல்லலாமா என்று உன்னைக் கேட்பதாக இருந்தேன். ஆனால் உன் அம்மாவிடம் கேட்காமல் உன்னிடம் கேட்பது முறையில்லை என்று இப்போது படுகிறது. போய்விட்டு வந்து முடிக்கிறேன்.

புதன், மாலை

போனேன். உன் அம்மா தொலைக்காட்சியில் பிற்பகல் தொடர் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி சின்ன வீட்டின் முடியைப் பிடித்து நீச்சல் குளத்துக்கு இழுத்துப் போகிறாள். “பாரேன் செபியோ, இவளுக்கு முடியைப் பிடிக்கவே தெரியல. வேரோட பிடிக்கணும்” என்றார். காபியும் சுமான் கொழுக்கட்டையும் தந்தார். விளம்பரம் வரும்வரை காத்திருந்து, மேலே எழுதியதையெல்லாம் தலையைக் குனிந்தபடி ஒப்பித்தேன். பொய்ப் பாடத்தையும் சேர்த்து.

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். சிரிக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். “அன்னிக்கு நீ அனுப்பினப்புறம் நான் எங்க போனேன்னு நினைச்சே?” என்றார். வீட்டுக்கு என்றேன். “சமையல்கட்டுக்குப் போனேன்டா” என்றார்.

எங்கள் சமையற்காரி பின்பக்கச் சந்தில் நின்று அவரைக் கைகாட்டிக் கூப்பிட்டிருக்கிறாள். என் அம்மாவின் உத்தரவு. எல்லோரையும் கொல்லையில் சாப்பாட்டுக்கு உட்காரவைத்துவிட்டு அம்மா கூடத்தில் தனியாக நின்றிருக்கிறார். உன் அம்மா சொன்னதை அப்படியே தருகிறேன்: “‘நீ அந்தப் பக்கம் போய் நில்லு, நான் இந்தப் பக்கம்’னாங்க உங்கம்மா. ‘அழறதா இருந்தா அப்புறம் அழு, பெட்டிக் கண்ணாடி மேல ஒரு சொட்டு விழக் கூடாது’ன்னாங்க. நான் தூக்கிக் குடுத்தேன், அவங்க வாங்கிக்கிட்டாங்க. வாங்கினவங்க உடனே இறக்கி விடல. கொஞ்ச நேரம் வெச்சுக்கிட்டிருந்தாங்க. ‘மூக்கு அவரோடதுதான், பாவம்’னாங்க.” நீ அழவில்லையாம். அப்பாவுக்கு மூச்சு முட்டாதா என்று கேட்டாயாம்.

இத்தனை வருடம் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். என் அம்மா அவரிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். “‘வாசல்ல நிக்கறவன்கிட்ட சொல்லாத. அவன்தான் என்னைக் காவல் காக்கறதா நினைச்சுட்டிருக்கான், நினைச்சுக்கட்டும்’னாங்க. லெத்திகிட்ட சொன்னா உன் காதுக்கு வந்துடும், அதான் அவகிட்டயும் சொல்லல” என்றார். பிறகு, ரோவெனா இதை எடுப்பதானால் என் அம்மாவாக நடிப்பவள் நல்ல உயரமாக இருக்க வேண்டும் என்றார். “குள்ளச்சியைப் போட்டா நான் நாற்காலியை எடுத்துட்டு எந்திரிச்சுப் போயிடுவேன்.”

நான்காவதாகக் கேட்க நினைத்தது மாறிவிட்டது. அந்தக் காட்சியில் மேலே தூக்கப்படுவது நீ. ஆகவே அதை எடுக்கலாமா கூடாதா என்று நீதான் சொல்ல வேண்டும். ரோவெனாவிடம் இன்னும் சொல்லவில்லை. வேண்டாம் என்றால் காரணம் சொல்லாதே, அறையும் இருக்காது, இதுவும் இருக்காது. எடுக்க விடாமல் அந்த வீட்டு வாசலில் நானே போய் நின்றுகொள்கிறேன். அதற்கு முன் உன் அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிடு. நான் பாதியை விட்டிருப்பேன். அவர் சொல்லிக் கேள்.

இதைப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். தாள் பின்னால் தபாலில் வரும். மேலே மூன்றாவது என்று நான் குறித்தது தவறு. உன்னைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள், லெத்தி, இரண்டு பக்கமும் ஆள் நின்று. ஆண்டவர் உன்னையும் உன் பிள்ளைகளையும் அப்படியே ஏந்திக்கொள்ளட்டும்.

எவ்செபியோ மராசிகன்