கசக்கிற பாட்டில்

அடி வாலு,

நேற்றிலிருந்து நீ போனை எடுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதி உன் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன்.

நேற்று உன் ஃப்ரிட்ஜைத் திறந்து உன் பாட்டிலில் ஒரு வாய் குடித்தேன். இனித்தது. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

நம் இருவருக்கும் சினைப்பையில் நீர்க்கட்டி. இப்படிப்பட்ட பெண்களின் இதயத்துக்கு, கொழுப்பு எரியும்போது உடம்பில் உண்டாகும் கீட்டோன் என்ற பொருள் கலந்த பானம் உதவுமா என்று மருத்துவமனையில் சோதிக்கிறார்கள். பாதிப் பேருக்கு அசல், மீதிப் பேருக்கு வெறும் இனிப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. ஆனால் முதல் வாரமே, "என்னுது எட்டிக்காயா கசக்குதுக்கா, உன்னுது எப்படி?" என்று என் பாட்டிலைப் பிடுங்கிக் குடித்தாயே, அப்போதே உன்னுதுதான் அசல் என்று உனக்குப் புரிந்துவிட்டது. இரண்டையும் வாங்கி வருகிறவளும் நீதான். ஒட்டியிருந்த பெயர்களை மாற்றி ஒட்டிவிட்டாய். என்னுது கசக்க ஆரம்பித்ததும், "இப்போ எல்லாருக்கும் சுவையை மாத்திட்டாங்களாம்கா" என்றாய், நானும் நம்பிவிட்டேன்.

அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த வயது எனக்கு வந்துவிட்டது. அதுதானே உன் பயம்?

இப்போதெல்லாம் மாடிப்படி ஏறினால் படபடக்கிறது. பானத்தாலா, வேறு எதனாலா, தெரியவில்லை. "உங்க பாட்டிலைத் தவிர வேற ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாய்.

அது நல்லதா கெட்டதா என்று இன்னும் யாருக்கும் தெரியாதடி. கெட்டது என்றால்கூடப் போகட்டும். நல்லது என்றால், உன் பங்கை அல்லவா நான் குடித்திருக்கிறேன்?

நாளைக் காலை டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். இரண்டு பேரையும் சோதனையிலிருந்து வெளியே அனுப்பட்டும். நீயும் கூட வா. உன் நெஞ்சையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு நீயும் மகள்தான்.

கோபம் தீராத
உன் அக்கா