கறி கெடாத தோட்டா

நேற்று முதியோர் பென்ஷன் விஷயமாக வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தேன். பக்கத்து வரிசையில் ஒரு பெரியவர், லைசென்ஸ் புதுப்பிக்க வந்தவர் போலிருக்கிறது, கோணிப்பையில் சுற்றிய துப்பாக்கியை அணைத்தபடி நின்றிருந்தார். பை கொஞ்சம் விலகியதும் துப்பாக்கி எண்ணெய் வாசனை வந்தது. உடனே வரிசையை விட்டுப் படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். இந்த வயதில் எது நடந்தாலும் உட்காரத்தான் தோன்றுகிறது.

உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நீ உயிரோடு இருந்தபோது சொல்லத் தைரியம் இல்லை. இப்போது உன்னால் திட்ட முடியாது, அதனால் எழுதுகிறேன். கோழைக்கு இதைவிடச் சௌகரியம் என்ன வேண்டும்?

எழுபதுகளின் தொடக்கம் அது. மானைச் சுட்டால் ஜெயில் என்ற சட்டம் நம் பக்கம் வந்து சேராத நேரம். நான் தோட்டாக் கடையில் வேலையாக இருந்தேன். நீ அடி அண்ணாமலைப் பக்கம் மல்லாட்டை போட்டிருந்தாய். கடலைச் செடி நாலு இலை விடுவதற்குள் புள்ளிமான்கள் வந்து மேய்ந்துவிட்டுப் போயின. இரண்டாம் தடவை விதைத்ததும் போன பிறகு, புதிதாக வாங்கிய ரைபிளுக்குத் தோட்டா கேட்டு வந்தாய்.

உன்னுடையது பாயிண்ட் டூ டூ, சின்ன ரைபிள். அதற்கான இரண்டு வகைத் தோட்டாவையும் மேசைமேல் வைத்தேன். ஒன்றின் குண்டு உருண்டை மூக்கு, துளைத்துக்கொண்டு நேராகப் போகும். இன்னொன்றுக்கு மூக்கில் குழி, பட்ட இடத்தில் விரிந்து சதையைக் கிழிக்கும். எதுவானாலும் குண்டு ஒரு புளியங்கொட்டை அளவுகூட இராது. நீ இரண்டையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாய்.

“மானுக்கு இது போதுமாப்பா? அண்ணன் வூட்டு டபுள் பேரல வாங்கிக்கினு வரட்டுமா?”

போதாது. அது முயலுக்குத்தான் சரி. மானுக்கு டபுள் பேரல் துப்பாக்கியில் பெரிய ஈய ரவை போட்ட தோட்டாதான் வேண்டும். பத்து வருஷம் அதே மேசைக்குப் பின்னால் நின்றவனுக்கு இது தெரியாமலா இருக்கும்? ஆனால் தொடைக்கறியில் எனக்கு ஒரு பங்கு என்று முதல் நாளே நீ சொல்லிவிட்டிருந்தாய்.

“ரவை போட்டா ஒடம்பு பூரா ஈயம் ஏறிடும். அப்புறம் கறிய வாயில வெக்க முடியாது” என்றேன். “உருண்ட மூக்கே எடுத்துக்கோ. கழுத்துல ஒன்னு வெச்சா போதும். சத்தமும் கம்மி, கறியும் கெடாது.”

“ஜாஸ்தி விக்கப் பாக்காத கடைக்காரன இப்பத்தான் பாக்கறேன்” என்று சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு போனாய்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது நானும் உன் நிலத்தில் இருந்தேன், கையில் தூக்குப் பாத்திரத்தோடு. இதையும் சொல்லிவிட வேண்டும். வரப்போரம் மூன்று மான்கள். நீ சுட்டது குறி வைத்த இடத்தில்தான் பட்டது, தோளுக்கு மேலே, கழுத்து தொடங்குகிற இடம். பெரிய தோட்டாவாக இருந்தால் அங்கேயே சாய்ந்திருக்கும். இது ஒரு துள்ளு துள்ளிவிட்டு, கிரிவலப் பாதையைத் தாண்டி மலைப்பக்கம் ஓடியது.

ரத்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டே ஓடினோம். பாதைக்கு வந்ததும் நீ செருப்பைக் கழற்றிப் போட்டாய். மலைமேல் செருப்புக் கால் படக்கூடாது என்பது உனக்கு அந்த நேரத்திலும் மறக்கவில்லை. முள்ளும் கல்லுமாக ஏறினோம். ஒரு பாறை அடியில் அது படுத்திருந்தது. தலையைத் தூக்கி நம்மைப் பார்த்தது. பத்தடி தூரம்கூட இல்லை.

“சுடுப்பா, முடிச்சுடு.”

“இங்கயா? மலையே சாமிடா. சாமி மேல நின்னுக்கினு சுடச் சொல்றியா?”

“துடிக்குது பாரு.”

“கீழ எறங்கட்டும். எறங்கினா சுடறேன்.”

அது இறங்கவில்லை. வெயில் ஏறும்வரை துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நீ நின்றாய். பிறகு மான் எழுந்து, முன்னங்காலை இழுத்து இழுத்து இன்னும் மேலே போய்விட்டது. மூன்று நாள் தேடினாய். நான்காம் நாள் ஒரு சரிவின்மேல் கழுகுகள் சுற்றின. அப்போதுதான் வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சாப்பிட்டாய்.

ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் ஒருவன் உன்னைச் சுடத் தெரியாதவன் என்றான். இன்னொருவன், வாயில்லாச் சீவனைத் துடிக்கவிட்ட பாவி என்றான். ரைபிளைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாய். வாங்கி உள்ளே வைத்தவன் நான்தான். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

பிறகு பௌர்ணமிதோறும் கிரிவலம் போக ஆரம்பித்தாய், நானும் கூட வந்தேன். எண்பதுகளில் பாதையில் கூட்டம் கூடிக்கொண்டே போனது, நமக்கு முழங்கால் வலியும் கூடியது. அந்தப் பாறைக்கு நேராக வந்ததும் நின்று மேலே பார்ப்பாய். “அன்னிக்கி சுட்டிருக்கணுமாப்பா?” என்பாய். “காலு வலிக்குது, நட” என்பேன். எத்தனை பௌர்ணமி! ஒவ்வொன்றிலும் அதே கேள்வி, என்னிடமும் அதே பதில். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் அதையேதான் கேட்டாய். சாமி பார்த்துக்கும் என்று சொல்லிப் போர்வையை இழுத்துவிட்டேன்.

மலைமேல் நீ சுடாமல் நின்றது சரியா தப்பா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அந்த மான் மலைவரைக்கும் ஓடி வந்ததே என்னால்தான். இது மட்டும் தெரியும்.

உன் காரியத்தன்று பந்தியில் உட்கார்ந்திருந்தேன். உன் வீட்டம்மா இலைக்கு எதிரே வந்து நின்றார்கள்.

“அண்ணா, ஊரே அவரப் பேசினப்ப நீங்க ஒருத்தர்தான் ஒரு வார்த்த குத்தம் சொல்லலயாம். சாவற வரைக்கும் அதத்தான் சொல்லிக்கினு இருந்தாரு.”

சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற உன் மகனைக் கூப்பிட்டு எனக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றச் சொன்னார்கள். நான் இலையை நகர்த்திக் கொடுத்தேன், குடித்தேன். உன் மகன் இன்றைக்கும் என்னைத் தெருவில் பார்த்தால் வண்டியை நிறுத்தி இறங்கிக் கும்பிடுகிறான். நானும் கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.