மூன்று மாதத்தில் தேர்ந்தெடுத்த ஏர் ஃபில்டர்

டுவேன்,

சூப் அடுப்பில் இருக்கிறது. மூன்று மணிக்குக் காருக்குப் புகைச் சோதனை, மறந்துவிடாதே.

மூன்று மாதம் அலசி ஆராய்ந்து, கலிஃபோர்னியா அரசின் அனுமதி ஸ்டிக்கர் உள்ள ஏர் ஃபில்டரை விட்டுவிட்டு, சத்தம் அதிகம் என்பதற்காகவே ஸ்டிக்கர் இல்லாததை வாங்கிக் காரில் மாட்டினாயே, மகராசா! “டர்போ விசில் கேக்குதா, மார்லீன்?” என்று பெருமை வேறு. கெட்டில் விசிலடித்தால் டீயாவது கிடைக்கும்.

ஸ்டிக்கர் இல்லை என்று சோதனைக்காரர் பார்த்ததுமே திருப்பி அனுப்பிவிடுவார். நீ குப்பையில் போட்ட, காரோடு வந்த பழைய ஃபில்டரைப் பெட்டியோடு அன்றே எடுத்து வைத்துவிட்டேன். கராஜில், கிறிஸ்துமஸ் விளக்குகளுக்கு அடியில் இருக்கிறது. அதைக் காரில் மாட்டிக்கொண்டு போ.

மார்லீன்

பி.கு.: என்னை மட்டும் ஒரே நடனத்தில் தேர்ந்தெடுத்துவிட்டாய். பிழைத்தாய். மூன்று மாதம் யோசித்திருந்தால், சத்தம் அதிகம் என்பதற்காகவே என் அக்கா ரோண்டாவைக் கட்டியிருப்பாய்.