சிறகி இறங்குற மூலை

திருத்தணி
22.2.2025, சனிக்கிழமை

அன்பு மகள் யோகலட்சுமிக்கு நைனா எழுதுறது. இங்க நானும் உங்கம்மாவும் சௌக்கியமா இருக்கோம், மலைமேல இருக்கிறவன் அந்த அளவுக்குக் குறை வைக்கல. அயர்லாந்து குளிருல நீயும் மாப்பிள்ளையும் ஒடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கீங்கன்னு நெனைக்கிறேன். உங்கம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கு, ஆனாலும் தை கிருத்திகைக்கு வண்டி வேணாம்னு படியேறியேதான் போனா, இறங்கும்போது மட்டும் என் தோளைப் புடிச்சிகினா. பள்ளிப்பட்டு சித்தப்பா தறிக்குப் புது மோட்டார் போட்டிருக்காரு, சத்தம் கம்மியா இருக்குதுன்னு போன் பண்ணி அந்தச் சத்தத்தை அஞ்சு நிமிஷம் எனக்குக் கேக்க வெச்சாரு.

போன வாரம் போன்ல நீ, ஒரு மாசமா ஏன் ஒரு பறவை போட்டோகூட அனுப்பல, கேமரா ரிப்பேரான்னு கேட்ட. நான் ஆங் ஆங்னு ஏதோ சொல்லி மழுப்பிட்டேன். கேமராவுக்கு ஒண்ணும் இல்ல. போன்ல சொல்ல ஆரம்பிச்சா உங்கம்மா பக்கத்துல நின்னுகினு நடுவுல நடுவுல பேசுவா, எனக்கும் சொல்றது முன்னே பின்னே ஆயிடும். அதனாலதான் எழுதுறேன், பொறுமையா படி.

நான் அரக்கோணத்துல சிக்னல் வேலையிலிருந்து ரிட்டயரானப்போ நீ அந்தக் கேமராவை வாங்கி அனுப்பின. ரெண்டு வருஷமா வியாழக்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் விடியறதுக்குள்ள கே.ஜி.கண்டிகைக்குப் பின்னால இருக்கிற ஏரிக்கு என்னைக் கூட்டிகினு போறது குமரவேலோட ஆட்டோதான். நீ ஒருதரம் வீடியோவுல பாத்திருக்க, நாப்பது வயசு இருக்கும், நெத்தியில விபூதி வெச்சிகினு இருப்பானே, அவன்தான். முதல்ல வண்டிக்குள்ளயே படுத்துக் கெடப்பான், அப்புறம் கரைமேல வந்து உக்கார ஆரம்பிச்சான், அப்புறம் என் கேமராவுல எட்டிப் பாத்து இது முக்குளிப்பான், இது ஊசிவால்னு பேர் சொல்ற அளவுக்கு வந்துட்டான். ஐப்பசி மழையில கரை வழுக்கி நான் தண்ணிக்குள்ள போனப்போ இடுப்பளவு தண்ணியில குதிச்சு என்னைத் தூக்கினது அவன்தான். வெறும் கால் வழுக்குச்சுன்னுதான் உன்கிட்ட சொன்னேன், முழுசா சொல்லல. ஏரியில எத்தனை வந்திருக்கு, விடியறப்ப வயலுலேர்ந்து திரும்பி வந்து எந்த மூலையில இறங்குதுன்னு அவன் கேப்பான், நானும் சொல்லுவேன். வீட்ல யாரு இதெல்லாம் கேக்குறாங்க. கேக்குற ஆளு கெடைச்சதும் எனக்கு சந்தோஷமா இருந்தது, கேக்காததையும் சேத்தே சொன்னேன். வடக்கு மூலையில கருவேல மரத்துக்குக் கிட்ட ரொம்பத் தாழ்வா வந்து இறங்குதுப்பான்னு கையைக் காட்டிக்கூட சொல்லியிருக்கேன்.

பொங்கல் முடிஞ்ச வியாழக்கிழமை சிறகி மட்டும் நானூறுக்கு மேல இருந்தது. சிறகின்னா அந்த சின்ன வாத்து, குளிர்காலத்துக்கு எங்கெங்கேயோ இருந்து வருமே, ஆம்பள வாத்துக்கு கண்ணுக்கு மேல வெள்ளைக் கோடு இருக்குதுன்னு நீகூட சொன்னியே, அதுதான். அடுத்த வியாழக்கிழமை போனா அறுபது எழுபதுகூட இல்ல. ஆந்திரா பக்கம் போயிருக்கும் சார்னு குமரவேல் சொன்னான். நானும் அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.

குடியரசு தினத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை, என்கூட வேலை பாத்த சிவப்பிரகாசம் கண்டிகையில புதுவீடு கட்டி கிரகப்பிரவேசம் வெச்சிருந்தாரு. விடிகாலை பூஜை, உங்கம்மா வரல, நான் மட்டும் முதல் பஸ்ஸுல போனேன். டிபன் போட நேரமாகும்னாங்க, கேமரா கையோட இருந்தது, மேக்குக் கரை வரைக்கும் நடந்து போய், நத்தை கொத்துற நாரை ஒண்ணு நின்னுகினு இருந்ததை ஏழெட்டு போட்டோ எடுத்துட்டு வந்துட்டேன். எதிர்வெயிலு, கண்ணுக்கு வேற ஒண்ணும் தெரியல. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டுப் பெருசு பண்ணப்போதான் நாரைக்குப் பின்னால, அந்த வடக்கு மூலையில, ரெண்டு குச்சி தெரிஞ்சுது. குச்சிக்கு நடுவுல நரம்பு வலை, அதுல மூணு சிறகி தொங்குது, முட்டியளவு தண்ணியில ஒரு ஆளு நின்னு நாலாவதை எடுத்துகினு இருக்கான். அவனுக்குப் பின்னால கரைமேல ஒரு ஆட்டோ. பின்பக்கம் மயில் படம், அதுக்கு வலது ஓரத்துல ரெக்சின் கிழிஞ்சு நீலக் கலர் டேப் ஒட்டியிருக்கும். அந்த டேப்பை ஒட்டினது நான்தான்.

உங்கம்மாகிட்ட காட்டினேன். அவ கண்ணாடியைப் போட்டுகினு ரொம்ப நேரம் பாத்தா. போட்டோவை அழிச்சிடுங்க, வேற ஆட்டோ பாத்துக்கலாம், தண்ணியில விழுந்தா தூக்குறவனா பாத்து புடிங்கன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. நான் போட்டோவை அழிக்கல.

மறுநாள் ஞாயித்துக்கிழமை குமரவேல் எப்பவும்போல வந்தான். நானும் ஏறி உக்காந்தேன். கண்டிகை ரோட்ல ஒரு இடத்துல வண்டியை ஓரமா நிறுத்தச் சொல்லி, கேமராவுல அந்தப் படத்தைப் பெருசு பண்ணி அவன் கையில குடுத்தேன். மறுப்பான், சண்டை போடுவான்னு நெனைச்சேன். அவன் பாத்துட்டு, இது என் வண்டிதான் சார்னு சொன்னான். வலை அவன் அக்கா புருஷனோடது, பாவான்னுதான் கூப்பிடுவான், ஆந்திரா பக்கம், அவரை ஏத்திகினு வந்து விட்டது மட்டும்தான் இவன் வேலை, நாலு நாள், நாம ஏரிக்கு வராத நாளாப் பாத்துன்னு சொன்னான். எங்க வலை கட்டணும்னு அவருக்கு எப்படிடா தெரியும்னு கேட்டேன். குமரவேல் கேமராவை என்கிட்ட திருப்பிக் குடுத்துட்டு, பாவா என்னைக் கேட்டாரு, எனக்கு என்ன சார் தெரியும், நீங்க சொன்னதைத்தான் சொன்னேன்னு சொன்னான். அதுல குத்திக் காட்டுற மாதிரி ஒண்ணும் இல்ல கண்ணு, நடந்ததைத்தான் சொன்னான்.

கேமராவைப் பையில வெச்சுட்டு, ஏரிக்கு விடுன்னு சொன்னேன். முந்தின நாள் கட்டின வலை இன்னும் அங்கதான் இருந்தது. ஒம்பது சிறகி மாட்டியிருந்தது, அஞ்சு செத்துப் போச்சு. அவன் இறங்கினான், நானும் பேண்ட்டை மடிச்சிகினு இறங்கினேன். காலை முதல்ல எடுக்கணும் சார், தலையைக் கடைசியா எடுங்கன்னு சொல்லிக் குடுத்தான். எப்படித் தெரியும்னு நான் கேக்கல. ரெண்டு வருஷமா ஆயிரக்கணக்குல போட்டோ எடுத்திருக்கேன், ஒரு பறவையைக்கூட கையால தொட்டதில்ல, இவ்ளோ லேசா இருக்கும்னு தெரியாது. உயிரோட இருந்த நாலுல மூணு பறந்துடுச்சு, ஒண்ணு கோரைக்குள்ள போய் உக்காந்துகிச்சு, றெக்கையைத் தொங்கப் போட்டுகினே இருந்தது. அதுக்குள்ள அவன் பாவா பைக்ல வந்து இறங்கிட்டாரு. தெலுங்குல இவனை வாய்க்கு வந்தபடி பேசினாரு, என்னைக் காட்டி இந்தாளு யாருன்னு கேட்டாரு. குமரவேல் வலையைச் சுருட்டி அவர் கையில குடுத்து, இனிமே என் வண்டி வராது பாவான்னு மட்டும் சொன்னான். அவரு செத்த அஞ்சையும் பையில போட்டுகினு போனாரு. நான் தடுக்கல. தடுத்திருக்கணுமோ என்னவோ.

அந்த போட்டோவை நான் யாருக்கும் குடுக்கல. செவ்வாய்க்கிழமை வனத்துறை ஆபீசுக்குப் போய், ஏரியில வலை கட்றாங்க, ஆள் போட்டுப் பாருங்கன்னு மனு எழுதிக் குடுத்தேன். பறவை இறங்குற இடத்தை வெளியில சொன்னது நான்தான்னும் அதுல எழுதியிருந்தேன். அங்க இருந்த அதிகாரி படிச்சுட்டு, இந்த வரி வேணாம் சார், உங்களுக்குத்தான் வம்பு, அடிச்சிடுங்கன்னு பேனாவை நீட்டினாரு. அடிச்சுட்டுத்தான் குடுத்தேன். இப்ப வாரத்துல ரெண்டு நாள் ஒரு ஃபாரஸ்ட் கார்டு பைக்ல வந்து சுத்திட்டுப் போறாருன்னு கேள்வி. குமரவேல் பேரைச் சொல்லாதது சரியா தப்பான்னு எனக்கு இன்னும் புரியல. நீ ஆஸ்பத்திரியில நாலு விதமான ஆளைப் பாக்குறவ, உனக்கு என்ன தோணுதுன்னு எழுது.

அதுக்கப்புறம் அவன் வரல. எனக்கும் கேமராவை எடுக்கத் தோணல. அவன் அக்கா வீட்ல பேச்சுவார்த்தை நின்னுபோச்சு, அக்கா பொண்ணு சடங்குக்குக்கூட அவனைக் கூப்பிடலன்னு ஸ்டாண்டுல வேற ஆள் சொல்லித்தான் தெரியும். போன ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள கேட்டைத் தெறந்தா வண்டி நின்னுகினு இருக்கு, ஹாரன் அடிக்கல. நான் கேமராவை எடுத்துகினு ஏறினேன். ஏரியில இருபது சிறகி இருந்திருக்கும், நாங்க வந்த சத்தத்துக்கே எழும்பி ஒரு சுத்து சுத்தி தூரமா போய் உக்காந்துச்சு. பத்து போட்டோ எடுத்தேன், எல்லாமே புள்ளி புள்ளியா இருக்கு, அனுப்புற மாதிரி ஒண்ணும் இல்ல. குமரவேல் பக்கத்துல வந்து உக்காந்தான், கேமராவுல எட்டிப் பாக்கல. தண்ணியைப் பாத்துகினே, "இனிமே எங்க இறங்குதுன்னு எனக்குச் சொல்லாதீங்க சார்"னு சொன்னான். சரிப்பான்னு சொன்னேன். அப்புறம் ரெண்டு பேரும் டீ குடிச்சுட்டு வந்துட்டோம்.

இவ்ளோதான் விஷயம். நைட் டூட்டி முடிஞ்சு வந்து சாப்பிடாம படுத்துடாத, உங்கம்மா இதைத்தான் முதல்ல எழுதச் சொன்னா, நான் கடைசியில எழுதுறேன். சித்திரையில வர்றதுக்கு டிக்கெட் போட்டாச்சான்னு மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல்லு. ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாம, ஒருத்தருக்கு ஒருத்தர் துணையா நல்லா இருக்கணும், எங்க ஆசீர்வாதம் எப்பவும் உண்டு.

தபாலாபீசுக்குக் கூட்டிகினு போக குமரவேல் வாசல்ல வந்து நிக்கிறான். இவ்ளோ பக்கம் என்ன சார் எழுதியிருக்கீங்கன்னு கேப்பான். கேட்டா படிச்சுக் காட்டிட்டுத்தான் ஒட்டப் போறேன்.

இப்படிக்கு
உன் நைனா
பரந்தாமன்