ஊதாக் கருக்கள்

பிப்ரவரி 9, 2083. காலை 10.20

இதை யார் வாசித்தாலும்: செவ்வாயின் வடசமவெளி ஆய்வு நிலையத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் அமலோற்பவம். ஊர் நாகர்கோவில். படிப்பு நோய்க்கூறியல், செல்லையும் திசுவையும் நுண்ணோக்கியில் பார்த்து நோய் இன்னதென்று சொல்வது. இங்கே எனக்குத் தரப்பட்ட வேலை வேறு. நிலத்தைத் துளைத்து எடுக்கும் பாறையில் உயிருள்ள செல் ஏதாவது இருக்கிறதா என்று தேட வேண்டும். துளைப்பவர் சென்னியப்பன், பெருந்துறைக்காரர், போர்வெல் லாரியில் தொடங்கிப் பொறியாளர் ஆனவர். முந்தைய குழு ஊர் திரும்பிவிட்டது. அடுத்த கப்பல் நவம்பரில். அதுவரை இந்தக் கோளில் நாங்கள் இருவர்தான்.

காற்று சீர். தண்ணீர் சுத்திகரிப்பு சீர். பாறை மாதிரிகளில் எதுவும் இல்லை.

சென்னியப்பனின் முதுகில், வலது தோளுக்குக் கீழே மிளகளவு ஒரு கட்டி. முத்துப் போல் பளபளப்பு, நடுவில் ஆறாத புண். போன ஆண்டு சூரியப் புயல் அடித்தபோது நாங்கள் இருவரும் வண்டியில் வெளியே மாட்டிக்கொண்டோம். அன்று வாங்கிய கதிர்வீச்சுக்குப் பிறகு தோலில் எது முளைத்தாலும் நான் சும்மா விடுவதில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, சுற்றியுள்ள நல்ல தோலையும் கொஞ்சம் சேர்த்து வெட்டி எடுத்தேன். கெடாமலிருக்க ஃபார்மலினில் ஊறுகிறது.

பிப்ரவரி 11. பிற்பகல் 2.05

மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்த்தேன். தோலின் அடியடுக்கில் வரும் புற்று. கருநீலச் செல்கள் தீவு தீவாக நிற்கின்றன, ஒவ்வொரு தீவின் ஓரத்திலும் வேலிக்கால் நட்டது போல ஒரே வரிசை. நான்கு பக்கமும், அடியிலும் ஓரங்கள் சுத்தம். புற்று முழுதாக வெளியே வந்துவிட்டது.

துளைக்கூடத்துக்கு ரேடியோ.

"ஏனுங்க டாக்டர், என்ன தெரிஞ்சுதுங்க?"

"புற்றுதான். ஆனா அது இப்போ உங்க உடம்புல இல்ல, என் ஸ்லைடுல இருக்கு."

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லீங்களா?"

"ஒண்ணுமில்ல. தையல் பிரிக்க மட்டும் வாங்க."

துளைக்கும் இயந்திரத்தை நிறுத்தினார். பிறகு, "ரெண்டு நாளாச் சோறே எறங்குலீங்க. இப்ப வந்து சாப்பிடறனுங்க" என்றார்.

பார்த்தேன், சொன்னேன், தீர்ந்தது. என் தொழிலில் எப்போதும் இப்படி அமையாது. சந்தோஷமாக இருந்தது என்று பதிகிறேன்.

மார்ச் 2. காலை 9.40

வெளியுடையின் கழுத்து வளையம் இடித்தது. உடையில்தான் கோளாறு என்று நினைத்துக் கழற்றிப் பார்த்தேன். வளையம் சரியாக இருக்கிறது.

கண்ணாடி முன் நின்று தண்ணீர் விழுங்கினேன். குரல்வளைக்கு இடப்புறம் ஒரு கட்டி மேலே ஏறி இறங்கியது. விழுங்கும்போது கூடவே ஏறினால் அது தைராய்டு. ஸ்கேன் வைத்தேன். கோலிக்குண்டு அளவு.

ஊசி வைத்துச் செல் எடுக்க வேண்டும். என் கழுத்தில் நானே குத்திக்கொண்டால் கை கோணும். சென்னியப்பனை வரச்சொன்னேன். அறையின் ஒலிப்பதிவு தானாக எழுதியதை அப்படியே சேர்க்கிறேன்:

"கை நடுங்குதுங்க."

"துளைக்கும்போது நடுங்காதுல்லா?"

"பாறைக்கு வலிக்காதுங்களே."

"எனக்கும் அவ்வளவா வலிக்காது. நான் பிடிச்சிருக்கேன், அந்த இடத்துல குத்துங்க. உள்ள போனதும் முன்னும் பின்னும் நாலு தடவை, அப்புறம் உருவிடுங்க."

"மன்னிச்சுக்குங்க டாக்டர்."

சுத்தமாகக் குத்தினார். ஊசியில் வந்த துளியை ஸ்லைடில் இழுத்துக் காயவைத்தேன். அவர் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

மார்ச் 3. மாலை 5.15

ஸ்லைடு வாசிக்கும் தானியங்கி சூரியப் புயலில் எரிந்துபோனது. எனவே என் கண்தான்.

தைராய்டு செல்கள் சின்னச் சின்ன வளையங்களாகக் கூடி நிற்கின்றன. கருக்கள் ஒரே அளவு. இந்த வகைக் கட்டியில் செல்லை மட்டும் வைத்துப் புற்றா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆளைப் பார்த்தாயிற்று, மதில் தாண்டினானா என்று தெரிய வேண்டும். அதற்குக் கட்டியை முழுதாக அறுத்தெடுத்து, செல்கள் அதன் உறையைத் தாண்டியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தைராய்டை அறுக்க இங்கே அறுவை மருத்துவர் இல்லை.

படங்களைப் பூமிக்கு அனுப்பினேன். சுலைகாவின் பதில் பிற்பகலில் வந்தது. மதுரையில் என்னோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவள், இப்போது புற்றுநோய் அறுவை மருத்துவர்.

"அமலா, பாத்தேன்டி. நீ சொன்னதேதான். அறுக்காம ஒண்ணும் சொல்ல முடியாது. நூத்துல எழுபது எண்பது பேருக்கு ஒண்ணும் இருக்காது, உனக்கே தெரியும். வாரா வாரம் அளந்து அனுப்பு. நவம்பர்ல வா, நானே எடுக்கிறேன்."

எத்தனை பேருக்கு இதே வாக்கியத்தை நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: 'உறுதி செய்ய இயலவில்லை.' அந்தத் தாளை வாங்கிக்கொண்டு போனவர்கள் வீட்டில் எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்று இப்போது தெரிகிறது.

ஏப்ரல் 21. காலை 10.00

ஒரு மாதத்துக்கு மேல் அசையாமல் கிடந்தது. கடந்த பத்து நாளில் எலுமிச்சை அளவாகிவிட்டது. தொட்டால் கல். விழுங்கும்போது இப்போது ஏறுவதில்லை, அக்கம்பக்கத்தோடு ஒட்டிவிட்டது. குரல் கம்முகிறது.

சென்னியப்பன் மறுபடி ஊசி வைத்தார். 

ஏப்ரல் 22. பகல் 12.30

நோயாளி: பெண், வயது 46. இடது தைராய்டு, ஊசிவழிச் செல் பரிசோதனை. செல்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. சில கதிர் போல் நீண்டவை, சில பூதாகரமானவை, ஒரே செல்லில் மூன்று நான்கு கருக்கள். எங்கே பார்த்தாலும் பிளந்துகொண்டிருக்கும் செல்கள். பின்னணியில் செத்த செல்களின் குப்பை. முடிவு: அனபிளாஸ்டிக் வகைத் தைராய்டு புற்று.

இப்படி எழுதினால்தான் எழுத முடிகிறது.

தைராய்டு புற்றில் பெரும்பாலானவை சாது. ஆளை விட்டுவிடும். இது அந்த வகை இல்லை. மாதக் கணக்கு கூடக் கிடையாது, வாரங்கள்.

இந்த மண்ணில் உயிருள்ள செல்லைத் தேட என்னை அனுப்பினார்கள். இரண்டு ஆண்டில் ஒன்றுகூட அகப்படவில்லை. நேற்று என் கழுத்திலிருந்து ஒரு துளி எடுத்தால் அதில் கூட்டம் தாங்கவில்லை.

ஏப்ரல் 24. காலை 8.50

புதிய படங்களைச் சுலைகாவுக்கு அனுப்பி இரண்டு நாள் ஆயிற்று. இன்று பதில் வந்தது.

"நீ தப்பாப் பாத்திருக்கணும்னு மூணு பேர்கிட்ட காட்டினேன். பேரு சொல்லல, யாருன்னு சொல்லல. மூணு பேரும் அதையேதான் சொன்னாங்க. நீ தப்பாப் பாக்கல அமலா. கப்பலை முன்னாடி அனுப்பச் சொல்லி எல்லார் காலையும் பிடிச்சுப் பாத்துட்டேன். இப்போ கிளம்பினாலும் செப்டம்பர்ங்கிறாங்க. நான் என்னடி செய்ய."

அவள் அழுததைப் பதிவில் வெட்டவில்லை. பதில் அனுப்பினேன்: நீ சாப்பிடு, தூங்கு, உன் கையை நம்பி அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

ஏப்ரல் 25. இரவு 8.10

சென்னியப்பனிடம் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னேன். ஒலிப்பதிவு:

"வெட்டிரலாங்க. என் முதுகுல நீங்க வெட்டுலீங்களா? படம் போட்டுக் காட்டுங்க. நாலு தடவ ரப்பர்ல பழகிக்கறேன்."

"அது தோலு. இது மூச்சுக்குழாயைச் சுத்தி வளைச்சிருக்கு. பக்கத்துலயே பெரிய ரத்தக்குழாய். கை பழகினவங்களே இந்த நிலைமையில தொட மாட்டாங்க."

"அப்ப என்னதானுங்க பண்றது?"

"வலிக்கு மருந்து இருக்கு."

"நான் அதைக் கேக்குலீங்க."

"தெரியும்."

தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் துளைக்கூடத்துக்குப் போய்விட்டார். மாலைவரை இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு பார்த்தால், பாறையே இல்லாத பழைய குழியில் துளைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மே 19. காலை 10.30

பூமியைப் பார்த்துத் திரும்ப வேண்டிய ஆன்டெனாவின் மோட்டார் சிக்கிக்கொண்டது. சென்னியப்பன் மேலே ஏறிக் கையால் திருப்புகிறார். இன்னும் சில நாளில் சூரியன் பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே வருகிறது. இரண்டு வாரம் எந்தச் செய்தியும் வராது, போகாது. இதெல்லாம் முன்பே தெரிந்த கணக்கு. பயிற்சியில் பாடம் நடத்தினார்கள், நான் சிரித்துக்கொண்டு குறிப்பெடுத்தேன்.

குரல் காற்றாகத்தான் வருகிறது. கஞ்சி மட்டும் இறங்குகிறது. அவர் பொட்டுக்கடலையை வறுத்துப் பொடித்து அதில் கலக்கிறார். இருந்த கடைசிப் பொட்டலம் அது, தனக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்தது. வேண்டாம் என்றால் கேட்பதில்லை.

மே 24. பிற்பகல் 3.00

சுலைகாவின் செய்தி. பாதிக்கு மேல் இரைச்சல்.

"...கேக்குதா? கேக்காட்டியும் பேசுறேன். உங்க அம்மாவை நேத்து போய்ப் பாத்தேன். சொல்லிட்டேன். அழல. உன் சின்ன வயசுப் போட்டோவை எடுத்து மடியில வச்சுக்கிட்டாங்க. கழுத்துக்கு மப்ளர் கட்டிக்கச் சொல்லுன்னாங்க. குளிருற ஊருன்னு..."

அதோடு நின்றுவிட்டது. இனி சூரியன் விலகும்வரை ஒன்றும் இல்லை.

மஃப்ளர் இல்லை. ஒரு துவாலையைச் சுற்றிக்கொண்டேன்.

ஜூன் 1

குரல் போய்விட்டது. சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன். சாய்ந்து படுத்தால் மூச்சு நிற்கிறது, உட்கார்ந்தே இருக்கிறேன். கழுத்தின் கீழே துளைபோட்டுக் குழாய் வைக்கலாமா என்று ஸ்கேன் பார்த்தேன். துளைபோட இடமில்லை. கட்டி மார்பெலும்புக்குள் இறங்கிவிட்டது.

சென்னியப்பன் என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். துளைக்கப் போவதில்லை. அவருடைய கொய்யாத் தோட்டத்தைப் பற்றி, அவர் தம்பி கல்யாணத்தில் பந்தல் சரிந்ததைப் பற்றிச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மூச்சு முட்டுகிறது என்று கண்டதும் பயந்து நிறுத்திவிட்டார். தொடர்ந்து சொல்லும்படி சிலேட்டில் எழுதினேன். எழுந்து கஞ்சி கலக்கப் போய்விட்டார்.

ஜூன் 5

வலி மருந்தைக் கூட்டினேன். எழுத்து இரண்டாகத் தெரிகிறது.

இன்று அவர் என் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தார். சட்டைக் காலர் விலகியது. கையை நீட்டித் தொட்டுப் பார்த்தேன். வாரா வாரம் தொட்டுப் பார்த்த கழுத்துதான், போன வாரம்கூட ஒன்றுமில்லை.

பட்டாணி அளவு. விழுங்கும்படி சைகை காட்டினேன். ஏறி இறங்கியது.

ஒன்றுமில்லாததாக இருக்கலாம். பெரும்பாலும் ஒன்றுமில்லாததுதான். பார்க்காமல் சொல்ல முடியாது. பார்க்கிற கண் இந்த ஒன்றுதான், அது இப்போது நேராக நிற்கமாட்டேன் என்கிறது.

சிலேட்டில் எழுதினேன்: காலையில் ஊசி வைப்போம். நான் பார்க்கிறேன்.

அவர் "ஆகட்டுங்க, நீங்க தூங்குங்க" என்றார்.

ஜூன் 6

ஸ்டூலை நுண்ணோக்கியருகே இழுத்துப் போடும்படி எழுதிக் காட்டினேன். உட்கார முடிய

ஒரு ஸ்லைடுதான். ஐந்து நிமிடம் போதும் எனக்கு. ஐந்து

ஜூன் 29. குரல் பதிவு

வணக்கமுங்க. நான் சென்னியப்பன் பேசறனுங்க. எழுதறதுக்குக் கை வர்லீங்க, அதனால பேசிப் பதியறேன்.

டாக்டர் ஆறாந்தேதி காலையில போயிட்டாங்க. நுண்ணோக்கிக்குப் பக்கத்துல ஸ்டூல்ல உக்கார வெச்சேன். நான் பிடிச்சுட்டுத்தான் இருந்தேன். என் கைமேலயே சாஞ்சுட்டாங்க. துளைக்கூடத்துக்குப் பக்கத்துல நானே குழி எடுத்து வெச்சிருக்கறனுங்க. துவாலையக் கழுத்துல இருந்து எடுக்குலீங்க.

சூரியன் வெலகி நாளாச்சுங்க. பூமியில இருந்து ஒரு சத்தமும் வர்லீங்க. சூரியன் வெலகறதுக்கு முன்னாடியே ஆன்டெனா மொத்தமாச் சாஞ்சுபோச்சு. நிமித்தப் பாத்தேன், தண்டு முறிஞ்சிருக்குதுங்க. ஒத்தை ஆளால ஆகாது.

கழுத்துல இருந்தது இப்ப கொஞ்சம் பெருசாயிருச்சுங்க. இன்னைக்கு நானே கண்ணாடி பாத்து ஊசி வெச்சுக்கிட்டேன். அவங்க பண்ற மாதிரியே ஸ்லைடுல இழுத்தேன். சாயப் பாட்டில்ல அவங்க நம்பர் போட்டு வெச்சிருக்கறாங்க, அந்த வரிசையிலயே முக்குனேன், கழுவுனேன், காய வெச்சேன். எல்லாம் சரியா வந்துருச்சுங்க.

இப்ப அதுலதான் பாத்துட்டிருக்கறேன். ஊதா நெறத்துல நெறைய இருக்குதுங்க. சிலது தனியா இருக்குது, சிலது கூட்டமா இருக்குது. ஒண்ணு மட்டும் மத்ததைவிடப் பெருசுங்க. அது அப்படித்தான் இருக்கணுமா என்னன்னு தெரியல.

ரொம்ப நேரமாப் பாக்கறேன். ஸ்லைடை எடுக்காம அப்படியே வெச்சிருக்கறேன். யாராச்சும் வந்தீங்கன்னா, மொதல்ல இதைப் பாத்துச் சொல்லுங்க.