பிரிக்காத பாக்கெட்

அண்ணிக்கு,

நான் முன்னாடியே பேக்கரிக்குக் கிளம்பிட்டேன். நீங்க அவசரப்பட வேண்டாம். சாவி ஃபிரிட்ஜ் மேல இருக்கு. ஃபிளாஸ்க்ல உங்க காப்பி. சர்க்கரை நீங்களே போட்டுக்கோங்க. பத்து மணிக்கு பன் வாங்க ஸ்கூல் ஆயா வருவாங்க. அவங்களை நான் பாத்துக்கறேன்.

செருப்பு மாட்டிட்டு ரெண்டு தடவை திரும்பி வந்துட்டேன். எழுதாம போக முடியல.

நேத்து பன் எல்லாம் கல்லு மாதிரி வந்ததுக்கு, கடைல நாலு பேர் பாக்க உங்களைத் திட்டினேன். நீங்க ஏப்ரனைக் கழட்டி வெச்சுட்டுப் போயிட்டீங்க. காலைல துவைக்கலாம்னு என் ஏப்ரனை எடுத்தேன். பையில ஈஸ்ட் பாக்கெட், பிரிக்காம அப்படியே இருக்கு. நான்தான் மாவுல போட மறந்திருக்கேன். அதான் பன் உப்பல.

அடியே, ஆறாம் கிளாஸ்லேருந்து ஒரே பெஞ்சு நாம. நீ எங்கண்ணனைக் கட்டினப்புறமும், கோபம் வந்தாத்தானே உன்னை அண்ணின்னு கூப்பிடுவேன்? மேல அந்த 'அண்ணிக்கு'வை அடிச்சுடு. 'நீங்க'வையும்.

சீட்டு பறக்காம மேல வெச்சிருக்கிறது அந்தப் பாக்கெட்தான். எடுத்துட்டு ஓடி வா. மாவைத் தொடாம காத்திருக்கேன். இன்னைக்கு நீயே போடு.

காப்பில சர்க்கரை போட்டுட்டேன். ரெண்டு ஸ்பூன்.