சுவரோரம் ஐந்து வாட்

மார்ச் 3, செவ்வாய்

பழைய கணினியை இன்று இரும்புக் கடையில் போட்டுவிட்டேன். வீட்டு இணையத்துக்குப் பல வருடம் காவல் நின்ற பெட்டி. ஃபயர்வால் என்றால் என்ன என்று நானே தட்டுத்தடுமாறிப் படித்து, நானே ஏற்றி வைத்தது. ஆனால் அறுபது வாட் தின்றது. வேலைக்காலம் பூராவும் வீடுவீடாக ஏறி மின் மீட்டர் படித்தவன் வீட்டில் இப்படி ஒரு தண்டம் ஓடலாமா?

அதன் இடத்தில் உள்ளங்கை அளவு போர்டு ஒன்று, அதுவும் ஒரு குட்டிக் கணினிதான். விசிறி இல்லை, சத்தம் இல்லை. சுவரில் அளவுக்கருவியைச் சொருகிப் பார்த்தேன். ஐந்து வாட்!

இணையக் கம்பெனிக்காரன் கொடுத்த பெட்டியே போதும் என்கிறாள் மகள். அந்தப் பெட்டிக்குள் அவன் நினைத்தபோது நுழையலாம். நம் வீட்டுச் சாவி அவன் இடுப்பில் தொங்கவா?

மேசை இழுப்பறையில் நீளமாக ஒரு சார்ஜர் ஒயர் கிடந்தது. சார்ஜரிலிருந்து அலமாரி உச்சி வரை எட்டியது. போர்டை அங்கே வைத்தேன்.

"அந்த ஒயரா? அது வேணாங்க, நான் ஒதுக்கிப் போட்டது" என்றாள் வீட்டுக்காரி. ஒயர் விஷயத்திலும் மூக்கை நுழைக்க வேண்டும் அவளுக்கு.

மார்ச் 6, வெள்ளி

மகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். மருத்துவமனையில் மொழி தெரியாமல் முழிக்கிற நோயாளிகளுக்கு, மருத்துவர் சொல்வதை இணைய அழைப்பில் மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை. இன்று பேச்சின் நடுவில் இணைப்பு அறுந்துவிட்டது. போர்டு தானாக அணைந்து, தானாக எழுந்திருக்கிறது.

"எத்தனை மாத்திரைன்னு அந்தம்மா கேட்டுட்டு இருந்தாங்கப்பா. நான் பதில் சொல்லாம எந்திரிச்சு ஓடின மாதிரி ஆயிடுச்சு."

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

மார்ச் 7, சனி

மறுபடி அறுந்தது. கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. இந்த போர்டில் இணைய ஒயர் சொருகும் லேன் சாக்கெட் ஒன்றுதான். வெளியிலிருந்து வருவதற்கு ஒன்று, வீட்டுக்குள் போவதற்கு ஒன்று என்று இரண்டு வேண்டும். கடைக்காரன் பேச்சைக் கேட்டு இரண்டாவதற்கு ஒட்டுச் சாமான் ஒன்றை மாட்டினேன். அதுதான் காலை வாரிவிடுகிறது. அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

கடையில் ஒரு பொழுது போனது. ஒன்றில் சாக்கெட் நாலு, ஆனால் விசிறி ஊளையிடுகிறது. இன்னொன்றில் வேகம் இருக்கிறது, தொட்டால் தோசைக்கல். கடைசியில் இரண்டு சாக்கெட் உள்ள சின்ன போர்டாகப் பார்த்து மாற்றிக்கொண்டேன். இது ஆறு வாட். ஒரு வாட் கூடுதல், போகட்டும்.

புறப்படும்போது கடைக்காரன் கேட்கிறான்: "பவர் சரியா குடுக்கறீங்களா சார்?"

யாரிடம் கேட்கிறான்! "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் பவரை எண்ணினவன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 12, வியாழன்

மகளின் அலுவலகத்திலிருந்து தகவல். வீட்டில் இருந்து வேலை செய்பவர்களின் இணைப்பைச் சோதிக்கப் போகிறார்களாம். அவளுக்கு வரும் செவ்வாய். வேலை நேரம் முழுக்க அறாமல் நிற்க வேண்டும். அறுந்தால் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கே குடிபோக வேண்டும். ரயிலில் ஒரு முழுப் பகல் தூரம்.

வீட்டுக்காரி அலமாரி உச்சியை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான்.

மார்ச் 14, சனி

புது போர்டும் விழுந்தது! சும்மா இருக்கும்போது நன்றாக இருக்கிறது. வீட்டுக்காரி இணையத்தில் தொடர் பார்க்க, மகள் அழைப்பிலும் இருந்தால் படுத்துவிடுகிறது. மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினேன். மறுபடியும் அதே கதை. என்னதான் வேண்டும் இந்தச் சனியனுக்கு?

"செவ்வாய்க்கிழமை ஒரு நாள் மட்டும் நேரா கம்பெனி பெட்டியிலேயே போட்டுக்கறேனேப்பா."

"முடியாது."

"ஒரே ஒரு நாள்."

"அதெல்லாம் முடியாதுன்னா முடியாது. அதுக்குள்ள நான் சரி பண்ணிடுவேன்."

சரி பண்ணிவிடுவேன்.

மார்ச் 17, செவ்வாய்

காலையிலேயே வீட்டுக்காரி என் கையில் பையைத் திணித்தாள். சோப்பு, பல்பு, தைக்கக் கொடுத்த துணி... மூன்று தெரு சுற்றவிட்டாள். திரும்பி வந்தபோது மகளின் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் குரல், நிதானமாக, ஒரு தடங்கலும் இல்லாமல். வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் வரை ஒரு தடவைகூட அறுபடவில்லை. பார்த்தாயா என்று மனசுக்குள் மீசையை முறுக்கினேன்.

அப்புறம்தான் அலமாரியை நிமிர்ந்து பார்த்தேன். போர்டில் லேன் விளக்கு இரண்டும் இமைக்கவில்லை. ஒயர்கள் கழற்றிச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. சுருட்டின விதம் வீட்டுக்காரியுடையது.

சோதனையில் தேறிவிட்டாள்.

மார்ச் 18, புதன்

யாரோடும் பேசவில்லை.

மார்ச் 19, வியாழன்

சாப்பிடும்போது மகள்தான் ஆரம்பித்தாள். "அப்பா, எனக்கு இந்த வீட்ல இருக்கணும். அதுக்காகத்தான் கழட்டினோம்."

தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்தேன். என்ன சொல்வது? கேட்டுவிட்டுக் கழற்றியிருக்கலாமே என்றா? கேட்டார்களே. நான் முடியாது என்றேன்.

இப்போது மொத்த வீடும் கம்பெனிக்காரன் பெட்டியில். என் போர்டு பல்லி மாதிரி அலமாரி மேல் உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

போர்டை இன்னொரு முறை தட்டி எழுப்பலாம் என்று போனால் ஒயரைக் காணோம். வீட்டுக்காரி அதை வைத்துப் பழைய பேப்பர் கட்டை இறுக்கிக் கட்டியிருக்கிறாள்.

"என் போன் ஒயரை எடுத்துக்குங்க. அந்த ஒயர்ல போன் ராத்திரி பூரா போட்டாலும் ஏறலைன்னுதானே ஒதுக்கிப் போட்டேன்? மொத நாளே சொன்னேன், காதுல வாங்கினாத்தானே."

அவளுடைய ஒயர் குட்டை, தடிமன். அலமாரிக்கு எட்டாது. போர்டைக் கீழே இறக்கி மேசையில் வைத்துச் சொருகினேன். என் கணினியை அதில் இணைத்து, பெரிய பெரிய கோப்புகளாக இறக்கினேன். அசையவில்லை. சாயங்காலம் வரை அசையவில்லை.

சுவரில் எவ்வளவு போகிறது என்றுதான் பார்த்தேன். நூல் மாதிரி மெலிந்த அந்த நீள ஒயரைத் தாண்டி போர்டு வாசலில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று பார்க்கவில்லை. வழியிலேயே கரைந்திருக்கிறது; வேலை கூடினால் போர்டு பட்டினியில் படுத்துவிட்டது. என் உத்தியோகம் எப்போதும் வாசல் மீட்டரோடு சரி. உள்ளே என்ன எரிந்தது என்று எட்டிப் பார்த்ததில்லை.

ஒயர் செய்தவனைச் சொல்ல வேண்டும். ஒயரா அது? கடைக்காரனிடம் இதையெல்லாம் சொல்லப் போவதில்லை.

மார்ச் 30, திங்கள்

வாரம் முழுக்க ஓடவிட்டேன். ஒரு தடவைகூட விழவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. காலையில் மகள் மேசைப் பக்கம் குனிந்துகொண்டு நின்றாள்.

"என்னம்மா தேடறே?"

"என் லேன் ஒயரை உங்க போர்டுக்கு மாத்தறேன். எந்த சாக்கெட்?"

"வலது பக்கம்" என்றேன். என் கணினியின் ஒயரை உருவி இடம் விட்டேன். "வேலை நேரமாச்சே, யோசிச்சுக்கோ."

"யோசிச்சாச்சு. ஒரு வாரமா அந்த விளக்கைப் பாத்துட்டுதான் இருக்கேன். அறுந்தா உங்களைத்தான் கூப்பிடுவேன்."

கூப்பிடவில்லை. பகல் முழுக்கக் கதவுக்கு அந்தப்பக்கம் அவள் குரல். இந்தப்பக்கம் விளக்குகள் இமைத்தபடி.

கடைக்குப் போய்த் தடிமனான ஒயர் ஒன்று வாங்கி வந்து வீட்டுக்காரி கையில் கொடுத்தேன். அவள் போனும் பாவம், ஒரு வாரமாக என் சார்ஜரில் முறை வைத்து நின்றது.

ஒயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அளந்து பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எங்கே, சுவத்துலயா?"

"ரெண்டு முனையிலயும்."